கோட்டை விடுவதே ஆட்டம்: ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்

மதுக்கூடத்தில் ஒரு கல் குவளை பறக்கிறது. எறிந்தவர் கல்தச்சர். ஆற்றில் விழுந்து செத்த அவர் மனைவியின் உடல் இன்னும் கரையில்தான் கிடக்கிறது. கல் சுமந்து போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே போகிறார். குவளை பட்டவர் படைவீரர், கையில் கோடரி. அவர் திருப்பி அடித்ததில் கல்தச்சர் சாய்கிறார். கல்தச்சரின் தம்பி அதே அறையில் நின்று எல்லாவற்றையும் பார்க்கிறார். இங்கிருந்து தொடங்கி, பாதிக் கோட்டை காலியாகும்வரை போகலாம். இத்தனைக்கும் தூக்குப்பாலம் மேலேதான் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு எதிரிகூட உள்ளே வரவில்லை.

குள்ளர் அரசு ஒன்று உட்பூசலில் சிதையும் கதை வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு, தடிமனான புத்தகத்துக்குப் பதிலாக ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற இந்தக் கணினி கேமைக் கையில் கொடுக்கலாம். மாயாஜால நாவல்களில் உள்நாட்டுப் போர் என்றால் பெரும்பாலும் காணாமல் போன மகுடம், அதற்கு உரிமை கோரும் இரண்டு சகோதரர்கள், ஒரு துரோகி என்று வரும். இதில் போர் தொடங்குவது செய்யாமல் விட்ட ஒரு அடக்கத்தில், கந்தலான சட்டையில், யோசிக்காமல் கொடுத்த ஒரு ஆணையில். துரோகி யார் என்று விசாரித்துக்கொண்டே போனால், கடைசியில் மவுஸ் பிடித்த கையில் போய் நிற்கும்.

டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் பே 12 கேம்ஸ் என்ற பெயரில் உருவாக்கியது இது. முதல் பொதுப் பதிப்பு 2006 ஆகஸ்ட் 8. பதினாறு ஆண்டுகள் ரசிகர்களின் நன்கொடையிலேயே ஓடியது. திரை முழுக்க எழுத்துகளும் குறிகளும் மட்டும், படம் என்று எதுவும் கிடையாது. அந்தக் கோலத்திலேயே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இடம் பிடித்தது. படங்கள், இசை, மவுஸ் வசதி எல்லாம் சேர்த்த கட்டணப் பதிப்பை 2022 டிசம்பர் 6 அன்று கிட்ஃபாக்ஸ் கேம்ஸ் வெளியிட்டது. அமெரிக்க விலை 29.99 டாலர். பழைய எழுத்து வடிவம் 'கிளாசிக்' என்ற பெயரில் இன்றும் இலவசம். இரண்டிலும் உள்ளே ஓடும் இயந்திரம் ஒன்றே.

'ட்வார்ஃப்' என்பதைக் குள்ளர் என்றே எழுதுகிறேன். மலையைக் குடைந்து வாழும் கற்பனை இனம். நம் குறுமுனிக்கும் இவர்களுக்கும் உயரம் மட்டும்தான் பொது. அவர் கடலைக் குடித்தார், இவர்கள் மதுவைக் குடிக்கிறார்கள். 'தோற்பதும் ஒரு சுகம்' என்ற பொருளில் இந்த கேமுக்கு ஒரு பழைய முழக்கம் உண்டு. கைக்கு வந்ததை நழுவ விட்டவனைக் 'கோட்டை விட்டான்' என்று சொல்லும் மொழிக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

தொடங்கும்போது உங்களிடம் ஏழு குள்ளர்கள், ஒரு வண்டி, கொஞ்சம் சாமான். இருப்பிடத்தின் வழக்கமான அளவு 4×4 கட்டம். ஒவ்வொரு கட்டமும் 48×48 சதுரம் என்பதால் மொத்தம் 192×192. அதற்குமுன் உலகத்தையே உருவாக்கிக்கொள்ள வேண்டும். மலை, ஆறு, நாடுகள், அவற்றின் போர்கள், அரசர் வரிசை எல்லாம் ஆண்டுவாரியாகக் கணக்கிடப்பட்டு வரலாறாகப் பதிவாகும். உலகின் அளவு இதைவிடப் பெரிய வேறு கட்டங்களில்: பாக்கெட் உலகம் 17×17, மீடியம் 129×129, லார்ஜ் 257×257. புதிதாக வருகிறவர்கள் லார்ஜைத் தொடவே வேண்டாம். ஸ்மால் போதும், பின்னால் கணினி மூச்சு வாங்குவது குறையும்.

முதலில் குடி. ஒரு குள்ளர் ஒரு பருவத்தில் சுமார் இரண்டு முறை சாப்பிடுவார், நான்கு முறை குடிப்பார். ஆண்டுக்கு 8 சாப்பாடு, 16 குடி. ஏழு பேருக்கு 112. ஒரு செடியை வடித்தால் 5 அளவு மது இறங்கும். ஆக ஏழு பேரின் ஓராண்டுக்கு 23 பிளம்ப் ஹெல்மெட் காளான் போதும். நூறு பேர் ஆனதும் அது 1,600 அளவு, 320 செடி. பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். செடி குவிந்திருக்கும், வடிப்பவர் இருப்பார், பீப்பாய் இருக்காது. மரம் குறைவான நிலத்தில் கைவினைப் பட்டறையில் பெரிய கல் பானை செய்துகொள்ளலாம். கல்லுக்குப் பஞ்சமே வராது. இன்னொரு பிழை சமையலறையில். காளானைச் சமைத்தால் விதை மிஞ்சாது. வடித்தாலோ பச்சையாகத் தின்றாலோ மிஞ்சும். லேபர் திரையின் கிச்சன் பகுதிக்குப் போய் பிளம்ப் ஹெல்மெட்டைச் சமைப்பதை முதல் நாளே தடை செய்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டாம் வசந்தத்தில் விதைப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஒரே வகை மதுவையே குடித்துக்கொண்டிருந்தாலும் முணுமுணுப்பு எழும். இரண்டு மூன்று வகை வைத்திருப்பது ஆடம்பரக் கணக்கில் வராது.

குடிக்க மது இல்லாத குள்ளர் தண்ணீர் குடித்து உயிரோடு இருப்பார். வேலை மந்தமாகும், மனம் கசக்கும். இந்த 'மனம் கசக்கும்' என்பதுதான் முழு கேமும். ஒவ்வொரு குள்ளருக்கும் தனித்தனிக் குணம், தனித்தனித் தேவை. ஒருவருக்குச் சாமி கும்பிட வேண்டும், இன்னொருவருக்குக் கைவேலை செய்ய வேண்டும், வேறொருவருக்குக் குடும்பத்தோடு இருக்க வேண்டும், சிலருக்கு ஒரு பொருளாவது சொந்தமாக வாங்க வேண்டும். நடந்தது மனதில் பதியும். ஆற்றங்கரையில் பார்த்த பிணம் ஓராண்டு கழித்தும் நினைவுக்கு வந்து மறுபடி வாட்டும். திரையின் மேல்பகுதியில் வரிசையாக ஏழு முகங்கள் இருக்கும், கோபச் சிவப்பிலிருந்து சிரித்த பச்சைவரை. ஒவ்வொன்றின் கீழும் எத்தனை பேர் என்ற எண். கையிருப்புக் கணக்கைவிட அடிக்கடி பார்க்க வேண்டியது இந்த வரிசையைத்தான். சிவப்பில் ஒன்று இருந்தால் அவர் யார் என்று அழுத்திப் பாருங்கள். பக்கம் பக்கமாக ஓடும் அவருடைய எண்ணங்களில் காரணம் இருக்கும்.

காரணம் பெரும்பாலும் மரணம்தான். அதனால் இந்த விமர்சனத்தில் வாள், கவசம் பற்றிச் சொல்வதைவிட அடக்கம் பற்றிச் சொல்வதே அதிகமாக இருக்கும். கட்டணப் பதிப்பில் சவப்பெட்டியைச் செய்து அறையில் வைத்தால் மட்டும் யாரும் அதில் அடக்கமாக மாட்டார்கள். அதன்மேல் 'டூம்' (கல்லறை) என்ற மண்டலம் வரைய வேண்டும், அதில் குடிமக்களை அனுமதிக்கும் பொத்தானைப் போட வேண்டும், செல்லப் பிராணிகளை அனுமதிக்கும் பொத்தானை நிறுத்த வேண்டும். பத்துச் சவப்பெட்டி வரிசையாக இருக்க, பிணங்கள் வெளியே அழுகிக்கொண்டிருக்கும் கோட்டைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இந்த மண்டலம் இல்லாதவை. உடலே கிடைக்காதவர்களுக்கு, அதாவது எரிகுழம்பில் விழுந்தவர்கள், வெள்ளம் கொண்டுபோனவர்கள், இவர்களுக்கெல்லாம் நடுகல். கல் பட்டறையில் வெற்றுப் பலகை ஒன்று செய்து, கைவினைப் பட்டறையில் 'நினைவுப் பலகை செதுக்கு' என்ற பணியில் செத்தவர் பெயரைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் அதை ஓரிடத்தில் நட வேண்டும். மூன்றாவது படியை மறந்து கிடங்கிலேயே விட்டுவிட்டால் பயனில்லை. அடக்கமும் இல்லை, நடுகல்லும் இல்லை என்றால் பேயாக வருவார். சில பேய்கள் சும்மா அலையும், சில ஆளை அடிக்கும், எல்லாப் பேய்களும் உறவினரைக் கலங்கடிக்கும். வீரனுக்குக் கல் நட்டு வணங்கிய மண்ணிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பகுதி மட்டும் ஏனோ உடனே புரிந்துவிடுகிறது.

எப்போதும் பத்துச் சவப்பெட்டி காலியாக இருக்கட்டும். முற்றுகைக்குப் பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டால், செய்ய வேண்டிய தச்சரே அழுதுகொண்டிருப்பார்.

துணி அடுத்த ஒற்றை நூல். சில ஆண்டுகளில் உடை நைந்து கந்தலாகும். கந்தல் உடை தினசரி அவமானமாக மனதில் ஏறும். நாற்பது பேர் ஒரே குடியேற்ற அலையில் வந்திருந்தால் நாற்பது பேருக்கும் ஒரே காலத்தில் கிழியும், ஒரே காலத்தில் முகங்கள் சிவக்கும். பிக் டெயில் என்ற செடி கோடையிலும் இலையுதிர்காலத்திலும் மட்டும் விளையும். அதை உழவர் பட்டறையில் நாராக்கி, தறியில் நெய்து, தையல் பட்டறையில் உடையாக்க வேண்டும். இதைக் கையால் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தால் மறந்துபோகும். மேலாளர் பதவியில் ஒருவரை வைத்து, நிபந்தனையோடு நிரந்தரப் பணியாணை போடுங்கள்: சட்டை பத்துக்குக் கீழே போனால் பத்து தைக்கவும், காலணியும் அப்படியே. இந்த ஒரு திரையைக் கற்றுக்கொள்ள ஒரு மாலை ஆகும். கற்றுக்கொண்டால் கோட்டையின் ஆயுள் பல ஆண்டு கூடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் குழப்பம் வராதா? வரும். அதற்குத்தான் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். ஐம்பது பேர் ஆனதும் மேயர் தேர்தல். பிறகு பாரன், கவுன்ட், டியூக் என்று ஏறி, எல்லாம் கூடி வந்தால் அரசரே குடியேறி உங்கள் கோட்டை தலைநகராகும். பெருமைதான்; ஆனால் ஒவ்வொருவரும் ஆணை போடுவார்கள். மணலே இல்லாத நிலத்தில் மூன்று கண்ணாடிப் பொருள் செய் என்பார் ஒருவர். காலக்கெடு தாண்டினால் தண்டனை ஆணையிட்டவருக்கு இல்லை, அந்தத் தொழில் தெரிந்த ஏதோ ஓர் ஏழைக்கு. இன்னொருவர் மகுட ஏற்றுமதியைத் தடை செய்வார். வணிக வண்டி வரும்போது பெட்டியோடு பொருளைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கம் உள்ளவர்கள், பெட்டிக்குள் ஒரே ஒரு மகுடம் கிடந்ததைக் கவனித்திருக்க மாட்டார்கள். தண்டனை பெட்டியைச் சுமந்தவருக்கு. ஹாமரர் என்ற பதவிக்காரர் சுத்தியலால் நிறைவேற்றும் தண்டனை ஆளையே கொன்றுவிடக்கூடும். அதனால் அவர் கைக்கு எஃகுச் சுத்தியல் போகாமல் மரத்தில் ஒன்று போகும்படி பார்த்துக்கொள்வது பழைய ஆட்டக்காரர்களின் பழக்கம். செத்தவருக்கு மனைவி, மூன்று குழந்தை, ஏழு நண்பர் இருப்பார்கள். குவளை பறக்கும் கதை மறுபடி முதலிலிருந்து.

நீதித் திரையில் இன்னொரு விசித்திரம்: சாட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரை வேண்டுமானாலும் குற்றவாளி என்று நீங்கள் தீர்ப்பளிக்கலாம். குடியேறிகளோடு ரத்தக்காட்டேரி ஒருவர் கலந்து வந்துவிட்டால் இதன் கனம் தெரியும். இரவில் தூங்குகிறவரின் ரத்தம் உறிஞ்சப்பட்டுப் பிணம் கிடக்கும். காட்டேரியே முன்வந்து அப்பாவி ஒருவர்மேல் பழி போடும். சாட்சி சொல்கிறாரே என்று அந்த அப்பாவியைத் தண்டித்தால் ஒரு குடும்பத்தைப் பகைத்துக்கொண்டீர்கள், கொலையும் நிற்கவில்லை. குடிப்பதும் சாப்பிடுவதும் இல்லாதவர் யார், முன்பு சேர்ந்திருந்த அமைப்புகளின் பட்டியல் வயதுக்கு மீறி நீண்டிருப்பவர் யார் என்று பாருங்கள். பிடிபட்டவரைக் கொல்லாமல் ஓர் அறையில் மேசை நாற்காலியோடு சுவர் எழுப்பி அடைத்து, கணக்குப்பிள்ளையாக வைத்துக்கொள்வது இந்த கேமின் பெயர்பெற்ற தந்திரம். சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், கணக்கு மட்டும் துல்லியமாக இருக்கும்.

சாமி வந்த மாதிரி ஆகும் குள்ளர்களும் உண்டு. மக்கள்தொகை இருபதைத் தாண்டிய பிறகு திடீரென்று ஒருவர் ஒரு பட்டறையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு எலும்பு வேண்டும், மணி வேண்டும், பட்டு வேண்டும் என்று முனகுவார். கேட்டது கிடைத்தால் அரும்பொருள் ஒன்று பிறக்கும், பெரும்பாலும் அவரும் அந்தத் தொழிலில் பெருந்திறமை பெறுவார். கிடைக்காவிட்டால் பித்து. அழுது அழுது சாகிறவர் உண்டு, வெறிகொண்டு வெட்டுகிறவர் உண்டு. ஏற்கெனவே மனம் நொந்து கிடப்பவருக்கு வரும் வகை இன்னும் கொடியது. அவர் பொருள் எதுவும் கேட்க மாட்டார். பக்கத்தில் நிற்கும் குள்ளரைக் கொன்று அந்த எலும்பிலோ தோலிலோ செய்துமுடிப்பார். அதுவும் அரும்பொருளாகவே பட்டியலில் ஏறும், அழகான பெயரோடு.

இனி உண்மையான உள்நாட்டுப் போர். ஆட்டக்காரர்கள் இதை 'லாயல்டி காஸ்கேட்' என்பார்கள், விசுவாசச் சரிவு. ஒவ்வொரு குள்ளரும் இரண்டு பட்டியலில் இருக்கிறார்: ஒன்று தாய்நாடு, மற்றொன்று உங்கள் கோட்டை. தாய்நாட்டிலிருந்து வந்த வணிகர்மேல் ஆசைப்பட்டோ, கைதவறியோ, படைக்கு 'கொல்' என்று ஆணை போட்டீர்கள் என்று வையுங்கள். வெட்டிய வீரர் தாய்நாட்டுக்குப் பகைவராகிறார், கோட்டைக்கு இன்னும் நண்பர்தான். தாய்நாட்டுப் பற்றுள்ள இன்னொரு குடிமகன் கண்ணுக்கு அவர் எதிரி, பாய்கிறார். பாய்ந்தவரோ கோட்டை உறுப்பினர்மேல் கை வைத்தவர், ஆகவே கோட்டைக்குப் பகைவர், நாட்டுக்கு நண்பர். இப்போது நான்கு வகை ஆட்கள்: இரண்டுக்கும் உண்மையானவர், கோட்டைக்கு மட்டும், நாட்டுக்கு மட்டும், எதற்கும் இல்லை. ஒவ்வொரு அடியும் ஒரு பெயரை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குத் தள்ளும். நேற்றுவரை ஒரே மேசையில் குடித்தவர்கள், யார் எந்தப் பக்கம் என்று நீங்கள் படித்து முடிப்பதற்குள் ஒருவர் குடலை ஒருவர் உருவியிருப்பார்கள்.

எந்த எழுத்தாளரும் உட்கார்ந்து திட்டமிட்ட காட்சி இல்லை இது. நிரலில் இருந்த ஓட்டை. ஆனாலும் இரட்டை விசுவாசம் எப்படிக் கிழிகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய கதை எனக்குத் தெரிந்து குறைவு. 2010 முதல் 2014 வரையிலான பதிப்புகளில் இது மிகுதி. பிறகு சண்டையைக் கைகலப்பு, கொலைவெறி என்று படிநிலையாகப் பிரித்ததும் பெரும்பாலும் அடங்கியது; முழுசாகப் போகவில்லை. சொந்த நாட்டுக்காரர் எவர்மேலும், கோட்டையில் தங்கியிருக்கும் விருந்தாளி எவர்மேலும் படைக்குக் கொலையாணை போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் போடுவதற்குமுன் சேமித்துக்கொள்ளுங்கள். தொடங்கிவிட்டால் கேமை நிறுத்திவைத்து, டிஎஃப்ஹேக் என்ற இலவசத் துணைநிரலைக் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-டி அழுத்தித் திறந்து, 'லாயல்டி காஸ்கேட்' என்ற சரிசெய்யும் கட்டளையை ஓட்டலாம். பட்டியல்கள் பழையபடி ஆகும். செத்தவர் செத்தவர்தான், அவர்களுக்கு நடுகல் வேண்டும்.

ஆவேசச் சங்கிலியின் கதையும் இதேபோல மாறியிருக்கிறது. ஒருவர் சாவில் பத்துப் பேர் வெறிகொள்வது பழைய பதிப்புகளில் ஒரு பருவத்துக்குள் முடிந்துவிடும். 2014க்குப் பிறகு மனவழுத்தம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும்படி ஆக்கிவிட்டார்கள். ஒரு நாளில் வெடித்த கோட்டை இப்போது ஐந்து ஆண்டு புழுங்கும். கதைக்கு இது நல்லது, ஆட்டக்காரருக்குக் கெட்டது: முகங்கள் சிவக்கும்போது காரணம் மூன்று ஆண்டுக்கு முந்தியதாக இருக்கும்.

எல்லாவற்றையும் தடுக்க முடியாது. பரவாமல் தடுக்கலாம். தூக்குப்பாலத்தை வாசலில் மட்டும் வைக்கும் வழக்கத்தை விடுங்கள். கோட்டைக்குள்ளும் இரண்டு மூன்று வைத்து, படுக்கைப் பகுதி, பட்டறைப் பகுதி, படைமுகாம் என்று தனித்தனியாக அடைக்கும்படி செய்யுங்கள். நெம்புகோல் கட்ட ஒரு விசைப்பொறி, பாலத்தோடு இணைக்க இரண்டு, ஆக மொத்தம் மூன்று. இணைக்கும் பணியை ஒருவர் நடந்துபோய்ச் செய்ய வேண்டும் என்பதால், சண்டை வந்தபின் இணைக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். நெம்புகோலை இழுக்கவும் ஓர் ஆள் வர வேண்டும். அவரே அழுதுகொண்டிருந்தால் பாலம் ஏறாது. கதவு இதைவிட வேகம்: அதைத் தேர்ந்தெடுத்துப் பூட்டு என்றால் அந்த நொடியே பூட்டு. ஓநாய்மனிதன் கடித்தவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். கடிபட்ட ஒவ்வொருவரையும் அடுத்த முழுநிலவுக்கு முன் தனி அறையில் அடையுங்கள். ஒருவரை விட்டாலும் போச்சு.

படையணி ஒன்றில் அதிகபட்சம் பத்துப் பேர். கணவன் மனைவியையோ அண்ணன் தம்பிகளையோ ஒரே அணியில் போடாதீர்கள். ஒரே பதுங்குதாக்குதலில் இருவரும் போனால் மிச்சக் குடும்பம் மீளாது. சுரங்கம் வெட்டுகிறவரும் மரம் வெட்டுகிறவரும் அணியில் சேர்ந்தால் தொழில்கருவியும் சீருடையும் மோதி, கவசமும் இல்லாமல் ஆயுதமும் இல்லாமல் நிற்பார்கள். பயிற்சியை 'கான்ஸ்டன்ட்' என்று வைத்தால் ஓய்வில்லாமல் மனம் கெடும், முறைவைத்துப் பயிற்சி தரும் 'ஸ்டேகர்ட்' போதும். மதுக்கூடத்தில் மது ஊற்றுவதற்கென்று ஆள் நியமிக்க ஒரு பதவி உண்டு, அதைக் காலியாகவே விடுங்கள். அவர் ஊற்றிக்கொண்டே இருப்பார், விருந்தாளிகள் குடித்தே சாவார்கள். இந்த கேமில் ஒரு காலத்தில் பூனைகளும் அப்படித்தான் செத்தன: தரையில் சிந்திய மது பாதத்தில் ஒட்ட, நக்கிச் சுத்தம் செய்துகொண்ட பூனைக்கு ஒரு முழுக் குவளையின் போதை ஏறியது. அந்தப் பிழையைச் சரிசெய்துவிட்டார்கள்.

ஏமாற்றங்களைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் ஆகாது. அரசுகளுக்கு இடையிலான போர் என்ற அளவில் இது கொஞ்சம் வெறுங்கை. உலக வரலாற்றில் போர்கள் மூள்வதற்கு நெறி வேறுபாடு பெரிய காரணம். வனவாசி எல்ஃப்கள் வீழ்ந்த எதிரியைத் தின்பதைக் குற்றமாக நினைப்பதில்லை, குள்ளர்களுக்கு அது நினைக்கவே கூடாத பாவம்; அதனால் மோதுகிறார்கள். குள்ளர் நாட்டுக்கும் குள்ளர் நாட்டுக்கும் நெறி ஒன்றே என்பதால் மோதல் குறைவு. வாரிசுச் சண்டையில் ஒரு நாடு இரண்டாகப் பிளந்து படை திரட்டுவதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். 2020 ஜனவரியில் சேர்ந்த சதிகாரர் அமைப்பு இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. விருந்தாளி வேடத்தில் ஒற்றர் வருவார், உங்கள் குடிமகன் ஒருவரை விலைக்கு வாங்குவார், அரும்பொருள் காணாமல் போகும். விசாரித்தால் நூல் பிடித்துக்கொண்டே வேறொரு நாட்டுச் சதிகாரர்வரை போகலாம். விசாரணை அறிக்கைகளைப் படிக்கப் பொறுமை வேண்டும். நிறைய.

இடைமுகம் 2022க்குப் பிறகு மனிதர்கள் பயன்படுத்தும்படி ஆகியிருக்கிறது, அவ்வளவுதான் சொல்லலாம். படைச் சீருடைத் திரை இன்னும் புதிர். முற்றுகை வந்தால் எல்லோரையும் ஒரே சொடுக்கில் உள்ளே அழைக்கும் வசதி கட்டணப் பதிப்பில் வெளியானபோது இல்லை. டிஎஃப்ஹேக்கில் இருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. எழுத்து முழுக்க ஆங்கிலம், தமிழ் கிடையாது. படிக்காமல் விளையாடக்கூடிய கேமும் இல்லை: ஒரு சண்டையின் அறிக்கையில் எந்த விரலின் தோல், கொழுப்பு, தசை, எலும்பு எது கிழிந்தது என்பதுவரை வரும்.

கடைசிக் குறை வேகம். இருநூறு பேர், பல்லாயிரம் பொருள் சேர்ந்ததும் திரை நத்தையாக ஊரும். விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் பயனில்லை. பிராசஸரின் ஒற்றைக் கரு எவ்வளவு வேகம் என்பதுதான் கணக்கு. அமைப்புகளில் மக்கள்தொகை உச்சவரம்பு 200 என்று இருக்கும், அதை 80 அல்லது 100 ஆக்குங்கள். இடம் 3×3 போதும். நிலத்தடிக் குகைகளைத் திறந்தால் தேவை முடிந்ததும் சுவர் எழுப்பி மூடுங்கள், வழி தேடும் கணக்கு குறையும். வேண்டாத சாமானைத் தூக்குப்பாலத்தின் அடியில் குவித்துப் பாலத்தை இறக்கினால் தடயமில்லாமல் அழியும். எண்பது பேர் கோட்டை சின்னதாகத் தோன்றலாம். உட்பூசலுக்கு அதுவே தாராளம், ஒவ்வொருவர் பெயரும் முகமும் நினைவில் இருக்கும் என்பதால் வலியும் அதிகம்.

எதை வாங்குவது? கன்சோல் திரையும் குறியெழுத்தும் பழகியவர்கள், சும்மா ஒரு வாரம் பார்க்கலாம் என்கிறவர்கள் கிளாசிக்கை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மற்ற எல்லோருக்கும் கட்டணப் பதிப்பு. முகங்களின் வரிசையைப் படமாகப் பார்க்கும் வசதிக்கே காசு தகும். அதில் தானியங்கிச் சேமிப்பைப் பருவத்துக்கு ஒருமுறை என்று மாற்றிவையுங்கள். கால்மணி நேரத்தில் கோட்டை போகக்கூடிய கேமில் ஆண்டுக்கு ஒருமுறை சேமிப்பது போதாது.

கோட்டை விழுந்தாலும் அந்த உலகம் அழியாது. லெஜண்ட்ஸ் பகுதியில் செத்தவர் பெயர், கொன்றவர் பெயர், செய்துவைத்த அரும்பொருள்கள் எல்லாம் ஆண்டோடு பதிவாகியிருக்கும். புதிதாக ஏழு பேரைத் திரட்டி அதே இடத்தை மீட்கப் போகலாம். அரங்குகள் அப்படியே இருக்கும், எலும்புகளும் கிடக்கும். அப்படிப் போகும்போது வண்டியில் கோடாலி ஒன்றைக் குறைத்தாலும் பரவாயில்லை, கல் வேலை தெரிந்தவர் இருவர் இருக்கட்டும். மதுக்கூடத்துக் கதவைத் திறப்பதற்கு முன் இருபது சவப்பெட்டி, அவற்றின்மேல் டூம் மண்டலம்.